சென்னைப் படகுத்துறைகள்: சிறு பாய்ப்படகுகளின் நிறுத்துமிட வரலாறு

சென்னையில் சிறு பாய்ப்படகுகள் நின்ற இடங்கள் நான்கு வகைப்படும். அவை கடற்கரை மணல், கூவம் மற்றும் அடையாற்றின் கழிமுகங்கள், பக்கிங்காம் கால்வாய், துறைமுகம். இயற்கைத் துறைமுகம் இல்லாத இந்நகரில் ஒரு சிறு படகைப் பாதுகாப்பாகக் கட்டி வைக்கும் இடத்துக்கு எல்லாக் காலத்திலும் ஏதோ ஒரு விலை இருந்தது. மணலில் அந்த விலை உடலுழைப்பு. கால்வாயில் அது உரிமக் கட்டணமும் சுங்கமும். துறைமுகத்தில் உறுப்பினர் தகுதியும் அனுமதியும். ஆற்றில் கட்டணம் குறைவு, ஆனால் கடலுக்குச் செல்லும் வழி நிச்சயமற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியிலும் சிறு படகோட்டிக்குக் கட்டுப்படியான துறையாகப் பக்கிங்காம் கால்வாய் இருந்தது. அது பயன்பாட்டிலிருந்து விலகிய பின் அதற்கு ஈடான ஒன்று உருவாகவில்லை.

துறை

தமிழில் துறை என்னும் சொல் ஆற்றிலோ கடலிலோ இறங்குவதற்குரிய இடத்தைக் குறிக்கும். நீராடும் இடம், துணி வெளுக்கும் இடம், படகு நிற்கும் இடம் மூன்றும் துறைகளே. படகுக்குரிய துறைக்கு மூன்று தேவைகள் உண்டு. படகு மிதக்கும் அளவு ஆழம் வேண்டும். அலையும் காற்றும் நேரடியாகத் தாக்காத ஒதுக்கம் வேண்டும். கயிற்றைக் கட்டத் தறியோ, அடியில் பற்றிக்கொள்ள நங்கூரத்துக்கு ஏற்ற நிலமோ வேண்டும். இம்மூன்றும் ஒருசேர அமையும் இடம் பெரும்பாலும் ஆற்றின் கழிமுகம்.

சங்க இலக்கியத்தின் பத்துப்பாட்டு நூல்களில் ஒன்றான பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றியது. இதை இயற்றியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். உப்பை விற்று அதற்கு மாற்றாக நெல்லை ஏற்றி வந்த படகுகள், லாயத்தில் குதிரைகளைக் கட்டியதுபோலக் கழிக்கரையில் தறிகளில் வரிசையாகக் கட்டப்பட்டிருந்த காட்சி அதில் உள்ளது. இவை பெரிய மரக்கலங்கள் அல்ல, உள்நாட்டு நீர்வழியில் சென்ற சிறு சரக்குப் படகுகள். அதே நூல் துறைமுகத்தில் பண்டங்களுக்குச் சுங்கம் கொள்வோரையும், பொதிகளில் சோழரின் புலி முத்திரை பொறிக்கப்படுவதையும் குறிப்பிடுகிறது. படகு கட்டும் இடமும் வரி வாங்கும் இடமும் அருகருகே இருந்தன என்பதற்கு இது பழைய சான்று. உப்பு வெளியே செல்ல நெல் உள்ளே வரும் இதே வணிகம் பிற்காலத்தில் சென்னையின் கால்வாயிலும் நிகழ்ந்தது.

சென்னைக் கடற்கரையின் இயல்பு

கிழக்கிந்தியக் கம்பெனி 1639-ல் சென்னையில் நிலம் பெற்றது. அடுத்த ஆண்டு புனித ஜார்ஜ் கோட்டையின் கட்டுமானம் தொடங்கியது. தேர்ந்தெடுக்கப்பட்ட இடத்தில் துறைமுகம் ஏதும் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து தொலைவில் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஓயாத அலைவரிசை இருந்தது.

சோழமண்டலக் கரையில் ஆற்று முகத்துவாரங்கள் நிலையாகத் திறந்திருப்பதில்லை. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, சென்னையில் கடலின் ஏற்ற வற்றம் குறைவு. பெரிய ஓதத்தின்போதும் உயர்வு தாழ்வு வேறுபாடு ஏறத்தாழ 1 மீட்டர் மட்டுமே. காம்பே வளைகுடாவில் இது 10 மீட்டர் அளவுக்குச் செல்லும். அத்தகைய இடங்களில் நாள்தோறும் உள்ளே புகுந்து வெளியேறும் நீரே ஆற்றின் வாயைத் தூர்ந்துபோகாமல் காக்கிறது. சென்னையில் அந்த விசை போதாது. இரண்டாவது, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையோர மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்கின்றன. ஆற்றில் நீர் குறையும் மாதங்களில் இந்த மணல் முகத்துவாரத்தை அடைத்துத் திட்டாகிறது. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்து அதை உடைக்கும் வரை ஆறு கடலோடு சேராது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் புயல்கள் அடுத்த இடர். சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்கள் 1746 அக்டோபரில் நகருக்கு எதிரே நங்கூரமிட்டிருந்தபோது புயலில் சிக்கிப் பெரும் சேதமடைந்தன. அக்டோபர் நடுப்பகுதிக்குப் பின் பெரிய கப்பல்கள் இக்கரையை விட்டு விலகிச் செல்வது வழக்கமாக இருந்தது. பெரிய கப்பல் விலகிச் செல்லலாம், சிறு படகு எங்கும் போக முடியாது. அது நிற்க அருகிலேயே ஓர் இடம் தேவைப்பட்டது.

மணலே துறை

இச்சிக்கலுக்குக் கரையோர மக்கள் கண்ட தீர்வு படகின் வடிவத்திலேயே இருந்தது. கட்டுமரம் என்பது செதுக்கிய மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த மிதவை. அதில் முக்கோணப் பாய் விரிக்கப்பட்டது. அலை அதன் மீது ஏறி இடுக்குகள் வழியே வடிந்துவிடும், மூழ்குவதற்கு உள்ளறை இல்லை. கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணல்மேட்டுக்குத் தூக்கிச் சென்று உலர வைப்பர். உலராத மரம் நீரை உறிஞ்சிக் கனமாகிவிடும் என்பதால் இது கட்டாயமான வேலை. கட்டுமரத்துக்கு நங்கூரமிடும் இடமோ கட்டும் தறியோ தேவையில்லை. இச்சொல்லே ஆங்கிலத்தில் சென்று, இன்று இரட்டை உடல் கொண்ட படகுகளுக்கு உலகெங்கும் வழங்குகிறது.

மசூலா படகு மற்றொரு தீர்வு. பலகைகள் ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டன. அலை மோதும்போதும் மணலில் தட்டும்போதும் படகின் உடல் வளைந்து கொடுத்தது. கப்பலிலிருந்து சரக்கும் பயணிகளும் இப்படகுகளிலேயே கரை சேர்ந்தனர். வேலை முடிந்ததும் பலர் சேர்ந்து படகை மணலில் இழுத்து மேட்டில் நிறுத்தினர். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியப் படகு வகைகளை ஆராய்ந்து எழுதினார். இக்கரையின் கட்டுமரங்களும் தைத்த படகுகளும் அவரது ஆய்வில் இடம்பெற்றன.

மணலில் படகு நிறுத்துவதற்குத் துறைக் கட்டணம் இல்லை. எனினும் அது இலவசமும் அல்ல. ஒவ்வொரு நாளும் படகைத் தள்ளவும் இழுக்கவும் ஆட்கள் வேண்டும். தனி ஒருவரால் படகு வைத்திருக்க இயலாது, குப்பத்தின் கூட்டு உழைப்பு தேவை. படகின் எடையும் அளவும் மனிதர்கள் தூக்கக்கூடிய எல்லைக்குள் இருந்தாக வேண்டும். கரையில் மேடான மணல்வெளியும் இருக்க வேண்டும். அந்த மணல்வெளி குறைந்தால் துறையும் குறையும். இது பின்னர் ராயபுரத்துக்கு வடக்கே நிகழ்ந்தது.

கூவமும் அடையாறும்

கோட்டைக்குத் தெற்கே கூவமும், அதற்கும் தெற்கே அடையாறும் கடலில் சேர்கின்றன. நிலப்படத்தில் இரண்டுமே படகு நிறுத்த ஏற்றவை. இரண்டிலும் அலை படாத, சேறு படிந்த, அமைதியான நீர் இருந்தது. ஆனால் இரண்டின் வாயும் ஆண்டின் பெரும்பகுதி மணலால் அடைபட்டிருந்தது. உள்ளே நிற்கும் படகு கடலுக்குச் செல்ல முடியாது. கடலில் இருக்கும் படகு உள்ளே வர முடியாது. ஆழமும் இடத்துக்கு இடம் மாறியது. கூவத்தின் வாயருகே 1869-ல் நேப்பியர் பாலம் கட்டப்பட்டது. நிலையான பாய்மரம் உள்ள படகுக்குத் தாழ்ந்த பாலங்கள் மேலும் ஒரு தடை. பாய்மரத்தைச் சாய்க்கக்கூடிய படகுகளே பாலங்களைக் கடந்து செல்ல முடியும்.

இக்காரணங்களால் இவ்விரு ஆறுகளும் கடல் செல்லும் பாய்ப்படகுகளுக்கான துறைகளாக வளரவில்லை. அடையாறு துடுப்புப் படகுகளின் இடமாயிற்று. சென்னை போட் கிளப் 1867-ல் தொடங்கப்பட்டது. இந்தியாவின் பழமையான துடுப்புப் படகு மன்றங்களில் இதுவும் ஒன்று. இன்றைய போட் கிளப் சாலை இதன் பெயரால் அமைந்தது. பந்தயத் துடுப்புப் படகுகள் நீரில் கட்டி வைக்கப்படுவதில்லை. பயிற்சி முடிந்ததும் அவை தூக்கிச் செல்லப்பட்டுக் கொட்டகையில் அடுக்கப்படுகின்றன. கட்டுமரத்தைக் கரையேற்றிய குப்பத்து முறையும் இதுவும் அடிப்படையில் ஒன்றே. வேறுபாடு, இங்கே கொட்டகையும் பணியாளரும் மன்றத்தின் சந்தாவில் அடங்கினர்.

காக்ரேன் கால்வாய்

ஆறுகள் கடலுக்கு வழிவிடாத நிலையில், கடலுக்குச் செல்லாமலே கரையோரமாகப் பயணிக்கும் நீர்வழி ஒன்று உருவானது. சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் வரை சுமார் 18 கிலோமீட்டர் நீளமுள்ள உப்புநீர்க் கால்வாய் 1806-ல் வெட்டப்பட்டது. இதற்கு முதலீடு செய்தவர் பேசில் காக்ரேன். அவர் பெயரால் இது காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. செலவுக்கு ஈடாகக் கால்வாயில் செல்லும் படகுகளிடம் சுங்கம் பெறப்பட்டது. கால்வாய் விரைவில் பழவேற்காடு ஏரி வரை நீட்டப்பட்டது. சென்னை மாகாண அரசு 1837-ல் இதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

அடுத்த சில பத்தாண்டுகளில் கால்வாய் வடக்கே கிருஷ்ணா ஆற்றுக் கால்வாய்களோடு சேரும் பெத்தகஞ்சம் வரையும் தெற்கே மரக்காணம் வரையும் வளர்ந்தது. சென்னை நகருக்குள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே சுமார் 8 கிலோமீட்டர் இணைப்பு மட்டும் மீதமிருந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தின்போது, பஞ்ச நிவாரண வேலையாக இப்பகுதி வெட்டப்பட்டது. கூலிக்கு மண் சுமந்தவர்கள் கிராமங்களிலிருந்து உணவு தேடி நகருக்கு வந்த மக்கள். அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் 1878-ல் முழுக் கால்வாய்க்கும் சூட்டப்பட்டது. மொத்த நீளம் சுமார் 421 கிலோமீட்டர். இதில் ஏறத்தாழ 163 கிலோமீட்டர் இன்றைய தமிழ்நாட்டிலும் எஞ்சியது ஆந்திரப் பிரதேசத்திலும் உள்ளது.

கால்வாய் கரைக்கு இணையாக, உப்பங்கழிகளையும் ஆற்று முகங்களையும் கோத்துச் சென்றது. ஆறுகளைக் கடக்கும் இடங்களில் நீர்மட்டத்தைக் காக்க லாக்கு எனப்படும் பூட்டுமதகுகள் அமைக்கப்பட்டன. படகு ஒரு கதவின் வழியே உள்ளே சென்றதும் அக்கதவு அடைக்கப்படும். நீர்மட்டம் மறுபக்கத்துக்குச் சமமானதும் எதிர்க் கதவு திறக்கப்படும். முறை வரும் வரை படகுகள் லாக்குகளின் அருகே கரையில் கட்டிக் காத்திருந்தன. சென்னையில் கால்வாயோரக் குடியிருப்பு ஒன்றுக்கு லாக் நகர் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

சிறு படகைப் பொறுத்தவரை கால்வாய் முழுவதுமே ஒரு துறை. கடல் அலை இல்லை. முகத்துவார மணல்திட்டு பாதிப்பதில்லை. கரையில் முளை அடித்துக் கட்டிக்கொள்ளலாம். புயல் நேரத்தில் கடலைவிடப் பாதுகாப்பு அதிகம். சரக்கு ஏற்றி இறக்க நகரின் வடக்கில் அகன்ற படகுக் குளம் ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் பேசின் எனப்பட்ட அக்குளத்தின் பெயரே அருகிலிருந்த பாலத்துக்கும் பின்னர் ரயில் நிலையத்துக்கும் வந்தது. பேசின் பிரிட்ஜ் என்று நாள்தோறும் சொல்லப்படும் பெயர் ஒரு படகு நிறுத்துமிடத்தின் நினைவு. அதன் அருகே உள்ள சால்ட் கோட்டர்ஸ் என்ற பெயர், கால்வாயில் வந்த உப்பைச் சேமித்த கொட்டாரங்களைக் குறிக்கும். மயிலாப்பூர் தண்ணீர்த்துறைச் சந்தையின் பெயரும் கால்வாயில் காய்கறி கொண்டுவந்த படகுகளோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படுகிறது.

உரிமமும் சுங்கமும்

கால்வாயில் நிற்பதற்கும் செல்வதற்கும் விதிகள் இருந்தன. 1890-ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் கால்வாய்கள் மற்றும் பொதுப் படகுத்துறைகள் சட்டம் இவற்றைத் தொகுத்தது. கால்வாயில் செல்லும் படகுகளுக்கு உரிமம் பெறுதல், கட்டணமும் சுங்கமும் செலுத்துதல், போக்குவரத்துக்கு இடையூறு இல்லாமல் படகை நிறுத்துதல் ஆகியன இதன் வரம்புக்குள் வந்தன. அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆட்களை ஏற்றும் பொதுப் படகுத்துறைகளின் வசூல் உரிமையைக் குத்தகைக்கு விடும் முறையும் இச்சட்டத்தில் இருந்தது. தமிழ்நாட்டு ஆறுகளில் பரிசல் துறைகள் ஏலம் விடப்படும் வழக்கம் இம்மரபைச் சேர்ந்தது.

இம்முறையில் படகோட்டி செலுத்தியது நிற்கும் இடத்துக்கான தனி வாடகை அல்ல, நீர்வழியைப் பயன்படுத்துவதற்கான கட்டணம். துறை, லாக்கு, கரை, தூர்வாரிய ஆழம் எல்லாம் அதில் அடங்கின. செலவு பல்லாயிரம் பயணங்களில் பகிரப்பட்டதால் ஒரு சிறு படகின் பங்கு தாங்கக்கூடியதாக இருந்தது. விறகு, உப்பு, நெல், கிளிஞ்சல் போன்ற மலிவான, கனமான பண்டங்களை ஏற்றிய படகுகள் தொடர்ந்து ஓட முடிந்தது இதனால்தான். இவற்றின் விலையில் போக்குவரத்துச் செலவு பெரிய பங்கு. துறைக்கட்டணம் உயர்ந்திருந்தால் இவ்வணிகம் நடந்திருக்காது. சென்னையின் அடுப்புகளுக்குச் சவுக்கு விறகும், கட்டடங்களுக்குச் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் இப்படகுகளில் வந்தன.

படகோட்டிகளின் உழைப்பு

கால்வாய்ப் படகுகள் மூன்று வழிகளில் நகர்ந்தன. காற்று வாய்ப்பாக இருக்கும்போது பாய் விரிக்கப்பட்டது. ஆழம் குறைந்த இடங்களில் கழி ஊன்றித் தள்ளினர். காற்று எதிராகவோ இல்லாமலோ இருந்தால் ஆட்கள் கரைமேல் நடந்து கயிற்றால் படகை இழுத்தனர். கால்வாயின் திசை ஏறத்தாழ வடக்கு தெற்காக அமைந்ததால் தென்மேற்குப் பருவக் காற்று வடக்கே செல்லும் படகுகளுக்கும், வடகிழக்குப் பருவக் காற்று தெற்கே செல்லும் படகுகளுக்கும் உதவியது. எதிர்த்திசையில் செல்லும் படகு இழுப்பவரின் தோளை நம்பியது.

பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' என்னும் கவிதை சென்னையிலிருந்து இக்கால்வாய் வழியே மாமல்லபுரத்துக்குப் படகில் சென்ற இரவுப் பயணத்தைப் பற்றியது. படகை ஓட்டும் தொழிலாளரின் பாடு அதில் இடம்பெறுகிறது. கால்வாய்ப் படகுப் போக்குவரத்து நடைமுறையில் இருந்த காலத்தின் இலக்கியப் பதிவுகளில் இது குறிப்பிடத்தக்கது. கட்டணம் குறைவாக இருந்த துறையின் மறுபக்கத்தை இக்கவிதை காட்டுகிறது. நீர்வழியை மலிவாக்கியது அரசின் பராமரிப்பு மட்டுமல்ல, இழுப்பவரின் குறைந்த கூலியும்தான்.

துறைமுகமும் பாய்ப்படகு மன்றமும்

கடலில் பாதுகாப்பான நீரை உருவாக்கும் முயற்சி இதே காலத்தில் தனியே நடந்தது. 1861-ல் கடலுக்குள் நீண்ட இரும்புத் தூண்பாலம் அமைக்கப்பட்டது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கட்டி முடியும் நிலையிலிருந்த அலைதாங்கிச் சுவர்களை 1881 நவம்பர் புயல் உடைத்தது. பின்னர் அவை மீண்டும் கட்டப்பட்டன. முதலில் கிழக்கு நோக்கி இருந்த துறைமுக வாயில், துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் வடகிழக்குப் பக்கத்துக்கு மாற்றப்பட்டது.

இச்சுவர்கள் கடலோரத்தின் மணல் ஓட்டத்தைத் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து குறைந்து ராயபுரம் முதல் கரை அரிக்கப்பட்டது. கட்டுமரங்களும் மசூலாக்களும் ஏற்றி வைக்கப்பட்ட வடசென்னைக் கரை இதனால் சுருங்கியது. கப்பல்களுக்கான பாதுகாப்பான நீர், சிறு படகுகளின் கட்டணமற்ற மணல்துறையை விழுங்கியே உருவானது.

பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் முயற்சியால் 1911-ல் சென்னையில் பாய்ப்படகு மன்றம் தொடங்கப்பட்டது. இதுவே இன்றைய ராயல் மெட்ராஸ் யாட் கிளப். துறைமுகத்தின் உட்பகுதியில் படகு நிறுத்த இதற்கு இடம் கிடைத்தது. அலைதாங்கிச் சுவர்களுக்குள் இருந்ததால் இங்கு ஆண்டு முழுவதும் கடலுக்குச் செல்லும் வழி திறந்திருந்தது. ஆற்றிலோ கால்வாயிலோ கிடைக்காத வசதி இது. தொடக்கத்தில் இது ஐரோப்பிய அதிகாரிகள், வணிகர்களின் வட்டத்துக்குரியதாக இருந்தது. நிறுத்துமிடம் உறுப்பினர் தகுதியோடு பிணைந்திருந்தது. மீனவரின் பாய்ப்படகுக்கும் சரக்கு வள்ளத்துக்கும் அங்கே இடமில்லை.

துறைமுகச் சட்டங்களும் நிறுத்துமிடத்தை வரையறுத்தன. 1908-ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகங்கள் சட்டப்படி துறைமுக எல்லைக்குள் ஒரு கலம் எங்கே நிற்க வேண்டும் என்று ஆணையிடும் அதிகாரம் துறைமுகக் காப்பாளருக்கு இருந்தது. இங்கு நிறுத்துமிடம் என்பது நிர்வாகத்தின் ஒப்புதலோடு கிடைப்பது, படகோட்டி தானே தேர்ந்துகொள்வதல்ல.

கால்வாயின் வீழ்ச்சி

சென்னையையும் விஜயவாடாவையும் இணைக்கும் கரையோர ரயில் பாதை 1899-ல் முழுமையடைந்தது. அதன்பின் கால்வாயின் தொலைதூரச் சரக்குகள் படிப்படியாக ரயிலுக்கு மாறின. அடுத்து லாரிகள் வந்தன. குறைந்த தொலைவுக்கான விறகு, உப்பு, கிளிஞ்சல் போக்குவரத்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது. 1965, 1966-ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைக் கடுமையாகச் சேதப்படுத்தின. வருமானம் குறைந்த நீர்வழிக்குத் தூர்வாரும் செலவு கிடைக்கவில்லை. தூர்வாராததால் படகுகள் குறைந்தன. படகுகள் குறைந்ததால் வருமானம் மேலும் குறைந்தது.

நகரப் பகுதியில் கழிவுநீர் கலந்தது, கரைகளில் ஆக்கிரமிப்புகள் பெருகின. சென்னைக் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-ல் தொடங்கிய பறக்கும் ரயில் பாதை, பின்னர் மயிலாப்பூருக்கும் வேளச்சேரிக்கும் நீட்டப்பட்டது. பாதையின் பெரும்பகுதி கால்வாயை ஒட்டியும் அதன் மேலும் அமைந்தது. தூண்களும் நிலையங்களும் நீர்வழிக்குள் இறங்கின. படகு செல்லும் நீர்வழியாக அதை மீட்கும் வாய்ப்பு நகருக்குள் இதனால் வெகுவாகக் குறைந்தது. காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையுள்ள கால்வாய்களையும் கழுவேலி ஏரியையும் உள்ளடக்கிய தேசிய நீர்வழி 4 குறித்த சட்டம் 2008-ல் இயற்றப்பட்டது. சென்னை நகருக்குள் படகுத்துறைகள் அதனால் மீளவில்லை.

இன்றைய நிலை

மீனவர்களின் பாய் பொருத்திய கட்டுமரங்கள் 1980-களுக்குப் பின் குறையத் தொடங்கின. இயந்திரம் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக இவ்வகைப் படகுகள் பெருமளவில் வழங்கப்பட்டதால் மாற்றம் விரைவுபட்டது. கண்ணாடியிழைப் படகு கட்டுமரத்தைப் போலப் பிரித்துத் தூக்கக்கூடியதல்ல. அதை இழுக்க அதிக ஆட்களோ டிராக்டரோ தேவை. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் விசைப்படகுகளை மையமாகக் கொண்டது. மணல்கரை சுருங்கிய இடங்களில் சிறு படகுக்காரர்கள் தூண்டில் வளைவு எனப்படும் கல்தடுப்புகளை அமைத்துத் தரக் கோருவதும், பழவேற்காடு போன்ற இடங்களில் முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்கக் கோருவதும் தொடர்கின்றன. இவை வெறும் கடலரிப்புத் தடுப்புக் கோரிக்கைகள் அல்ல. படகு நிறுத்த இடம் வேண்டும் என்னும் கோரிக்கைகளும் ஆகும்.

விளையாட்டுப் பாய்ப்படகோட்டம் சென்னைத் துறைமுகத்தைச் சார்ந்தே நடக்கிறது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் இந்தியா சார்பில் பாய்ப்படகோட்டத்தில் கலந்துகொண்ட நால்வரில் நேத்ரா குமணன், கே.சி. கணபதி, வருண் தக்கர் ஆகிய மூவர் சென்னையைச் சேர்ந்தவர்கள். நேத்ரா குமணன் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் பாய்ப்படகு வீரர். பயிற்சிக்குரிய சிறு படகுகள் நீரில் நிறுத்தப்படுவதில்லை. அவை சக்கர வண்டிகளில் கரையேற்றி வைக்கப்படுகின்றன. நிறுத்துமிடச் செலவைக் குறைக்கும் இவ்வழி உலகெங்கும் உள்ளது. ஓத வேறுபாடு மிகுந்த இங்கிலாந்தின் ஆறுகளில் நீர் வடிந்ததும் சேற்றில் அமரும் நிறுத்துமிடங்கள், எந்நேரமும் மிதக்கும் இடங்களைவிடப் பொதுவாக மலிவானவை. சென்னையில் ஓதம் குறைவு என்பதால் அந்த வாய்ப்பு இயல்பாக அமையவில்லை.

பொதுமக்களுக்குப் படகு அறிமுகமாவது பெரும்பாலும் படகு இல்லங்களில். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984 முதல் கோவளம் கழிமுகத்தில் முட்டுக்காடு படகு இல்லத்தை நடத்துகிறது. உதகை, கொடைக்கானல், ஏற்காடு ஏரிகளிலும் படகு இல்லங்கள் உள்ளன. மலை ஏரிகளில் அலையும் மணல்திட்டும் இல்லை, நிறுத்தும் சிக்கலும் இல்லை. ஆனால் இங்கெல்லாம் கட்டணம் வாங்கி வாடகைப் படகில் ஏற்றிச் செல்வதே முறை. ஒருவர் தன் சொந்தச் சிறு படகைக் கொண்டுவந்து கட்டி வைக்கும் துறைகளாக இவை அமைக்கப்படவில்லை.

வரலாற்று இடம்

சென்னைப் படகுத்துறைகளின் வரலாறு துறைமுக வரலாற்றின் பகுதியாகவே வழக்கமாக எழுதப்படுகிறது. அந்நோக்கில் மணல்கரையும் கால்வாயும் துறைமுகத்துக்கு முந்தைய குறைபாடான ஏற்பாடுகளாகத் தோன்றும். சிறு படகோட்டியின் நோக்கில் வரிசை வேறு. துறைமுகம் அவருக்கு எட்டாதது. மணல்கரை எட்டியது, ஆனால் ஊர் கூடி உழைக்க வேண்டியிருந்தது. ஆறு அருகிலிருந்தும் வாய் அடைபட்டது. கால்வாய் ஒன்றே குறைந்த கட்டணத்தில், ஆண்டு முழுவதும், சிறு குழுவோடு படகு வைத்துப் பிழைக்க இடம் தந்தது. பொதுப்பணத்தாலும் பஞ்சகாலக் கூலியுழைப்பாலும் வெட்டப்பட்டு, பலரின் சிறு கட்டணங்களால் பராமரிக்கப்பட்டதே அதன் வலிமை. அப்பராமரிப்பு நின்றபோது துறையும் மறைந்தது. பேசின் பிரிட்ஜ், லாக் நகர், தண்ணீர்த்துறை என்ற பெயர்கள் மட்டும் நகரின் வழக்கில் எஞ்சியுள்ளன.